மூத்தவாப்பாவின் மொரிஸ் மைனர்

நம் நாட்டில் கார் ஓட்டுவதற்கான சாரதி அனுமதிப்பத்திரம் எட்டு வருடங்களுக்குச் செல்லுபடியாகும். அதைப் புதுப்பிக்கத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் வைத்தியச் சான்றிதழ் வேண்டும். ஆனால் அந்த எட்டு வருடங்களுக்குள் ஒரு மனிதரின் கண்ணும் காலும் எவ்வளவோ மாறிவிடலாம். அட்டையில் காலம் மீதமிருக்கும்போதே "இனிப் போதும்" என்று சொல்ல வேண்டியவர் யார்? சென்ற வருடம் எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி இதுதான்.

எங்கள் மூத்தவாப்பா, அதாவது உம்மாவின் வாப்பா, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். வயது 78. சாய்ந்தமருதில் எங்களோடுதான் இருக்கிறார். 1981 ஆம் ஆண்டு பெரும்போக நெல் விற்ற காசில், முன்பே ஒருவர் ஓடிய மொரிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கினார். 1963 இல் செய்த கார் அது. எங்கள் குடும்பத்தில் பாதிப் பிள்ளைகள் அந்தக் காரில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார்கள்.

மொரிஸ் மைனர் 1948 இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. அதை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். 16 இலட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் செய்யப்பட்டன. உற்பத்தி தொடங்க முன்னர், கார் ஒடுக்கமாக இருப்பதாக இஸிகோனிஸுக்குத் தோன்றியதாம். மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நடுவில் நான்கு அங்குலம் சேர்த்தார். பொனெற்றின் நடுவே ஓடும் பட்டையான மேடு அப்படித்தான் வந்தது. மூத்தவாப்பா தன் மாணவர்களுக்கு இதைச் சொல்லி, "முடிஞ்ச கணக்கெண்டாலும் பிழையெண்டா வெட்டிச் செய்யணும்" என்பாராம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வயல் பார்க்கச் சம்மாந்துறைக்குப் போயிருந்தார். அதனால் காரும் தப்பியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோன நாள் அது. அந்த வாரம் முழுவதும் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் தங்கியிருந்தவர்களுக்குச் சோற்றுப் பார்சல் சுமந்தது அந்தக் கார்தான். நான் அப்போது பிறக்கவில்லை. ஆனாலும் ஊரில் எங்கே போனாலும், "அந்தக் கார்க்கார சேரின்ட பேத்தியா?" என்றுதான் என்னைக் கேட்பார்கள்.

மூத்தவாப்பாவுக்கு இருபது வருடமாகச் சீனி வருத்தம். இரத்தத்தில் சீனி நீண்டகாலம் கூடியிருந்தால் நரம்புகள் பழுதடையும் என்றும், மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போவதால் உணர்வு அங்கேதான் முதலில் குறையும் என்றும் கிளினிக்கில் விளக்கினார்கள். கண்ணின் விழித்திரையும் பாதிக்கப்பட்டிருந்தது. ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்தவரின் ஒரு காலில் செருப்பு இல்லை. அது வழியில் கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. மூத்தம்மா எதுவும் பேசாமல் வாசலுக்குப் போய் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பழைய மொரிஸ் மைனரின் பிரேக்குக்கு இந்தக் காலத்துக் கார்களில் உள்ளதுபோல உதவி அமைப்பு கிடையாது. எவ்வளவு மிதிக்கிறோம் என்பதைப் பாதம்தான் அறிந்து சொல்ல வேண்டும்.

அதன் பிறகு வீட்டில் இரகசியப் பேச்சுக்கள் தொடங்கின. சாவியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம் என்றார் வாப்பா. "விக்க வேணாம், நினைவுக்குக் கொட்டில்ல நிக்கட்டும்" என்று கட்டாரிலிருந்து மாமா சொன்னார். பெரியம்மாவின் மகன் கொழும்பில் ஆள் பார்த்தார். 2020 முதல் 2025 தொடக்கம்வரை கார் இறக்குமதி நின்றிருந்ததால் பழைய கார்களுக்கும் நல்ல விலை இருந்தது. அந்தக் காசு என் கம்பஸ் செலவுக்கு உதவும் என்றார் பெரியம்மா. ஒவ்வொருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் உப்புக் காற்றில் ஓடாமல் நிற்கும் காரின் அடித்தகடு துருப்பிடிக்கும். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். டயர் ஒரே பக்கம் அமுங்கும். நினைவுக்காக நிறுத்திய கார் சில வருடங்களில் பழைய இரும்பாகிவிடும்.

"அவர்ட்ட கேக்காம நாம ஏன் குசினிக்குள்ள நிண்டு கதைக்கிறம்?" என்று நான் உம்மாவிடம் கேட்டேன். உம்மா அன்று இஷாவுக்குப் பிறகு அவர் பக்கத்தில் போய் அமர்ந்தார்.

"வாப்பா, காரப் பத்திக் கொஞ்சம் கதைக்கணும்."

"ரெண்டு மாசமா நீங்க கேப்பீங்க எண்டுதான் பாத்துக்கிட்டு இரிக்கன்" என்றார் அவர். "பெடல் காலுக்குக் கீழ இரிக்கிறது தெரியல்ல மகள். பள்ளிக்கூடம் விடுற நேரம் அந்த ரோட்டால போகப் பயமா இரிக்கி. நானாச் சொன்னா அதோட எல்லாம் முடிஞ்சிரும் எண்டுதான் சொல்லல்ல."

இரண்டு மாதமாக அவர் இரவில் கார் எடுக்கவில்லை என்பதை அப்போதுதான் நாங்கள் கவனித்தோம். நாங்கள் கூடிப் பேசிய எல்லாவற்றையும் அவர் தனியே யோசித்து முடித்திருந்தார்.

"நான் மௌத்தானா இந்தக் காரும் பங்குக்கு வரும். காரப் பிரிக்க ஏலா, காசப் பிரிக்கலாம். கொழும்புக்குப் போனா காட்சிக்கு நிக்கும். நம்மட பாஸுக்குக் குடுப்பம். அவருக்கு ஏலுமான விலைக்கு, தவணையாத் தரட்டும்."

நிந்தவூரில் கராஜ் வைத்திருக்கும் அந்த பாஸ் முப்பது வருடமாகக் காரைத் திருத்தியவர். என்ஜின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்வார். கொழும்பு விலையில் பாதிதான் கிடைக்கும் என்று பெரியம்மாவின் மகனுக்கு மனவருத்தம். மாமாவும் தொலைபேசியில் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வாப்பாட சாமான், வாப்பா சொன்னபடி செய்யுங்க" என்றார்.

ஒரு சனிக்கிழமை பாஸ் வந்தார். உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகு மூத்தவாப்பாவே சாவியைக் கொடுத்தார். காலையில் சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும், இரண்டாம் கியரை எப்படிப் போட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் கியர்பெட்டியை மூன்று முறை கழற்றிப் பூட்டிய பாஸ், முதன்முறை கேட்பவர்போல, "சரி சேர், சரி சேர்" என்று கேட்டுக்கொண்டார். கார் திரும்பிப் போனதும் மூத்தவாப்பா உள்ளே போய் நீண்ட நேரம் படுத்திருந்தார். இரவுச் சாப்பாட்டுக்கும் எழவில்லை.

இப்போது கிளினிக் நாட்களில் பாஸ் வந்து, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு அவரை அதே காரில் கூட்டிப் போகிறார். மூத்தவாப்பா இடப்பக்க ஆசனத்தில் அமர்ந்து, "பிரேக்க மெதுவா மிதிங்க" என்று சொல்லிக்கொண்டே போவார். மற்ற நாட்களில் ஓட்டோதான். தவணைக் காசிலிருந்து அந்த ஓட்டோக் கூலியும் என் டியூஷன் செலவும் போகின்றன.

முதியவர்களிடமிருந்து சாவியை எடுத்து ஒளித்துவைப்பது இலகு. அப்படிச் செய்திருந்தால் வீதியில் விபத்து நடவாமல் காத்திருப்போம். ஆனால் தன் காரைப் பற்றிய கடைசி முடிவை எடுக்கும் உரிமையை அவரிடமிருந்து பறித்திருப்போம். உங்கள் வீட்டிலும் கண் மங்கிய, கால் மரத்த ஒருவரிடம் காரோ மோட்டார் சைக்கிளோ இருக்கலாம். அவரைப் பற்றிக் குசினிக்குள் பேசாதீர்கள். அவர் பக்கத்தில் போய் அமர்ந்து கேளுங்கள். யாராவது கேட்கமாட்டார்களா என்று அவரும் காத்திருக்கக்கூடும்.