சூரியன் நுழையும் துளை

ஆலுவாவில் சூரிய மின்சாரம் என்று பேச்செடுத்தால் கைகள் நெடும்பாசேரிப் பக்கம் நீள்கின்றன. 2015 ஆகஸ்ட் 18 அன்று, 45 ஏக்கரில் 46,150 பேனல்களுடன் 12 மெகாவாட் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்ற பெருமை கொச்சிக்குக் கிடைத்தது.

இப்போது வீட்டு மாடிகளின் முறை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். பேனலின் விலையையும் உத்தரவாதத்தையும் துருவித் துருவி விசாரிப்பவர்கள் ஒன்றை மட்டும் கேட்பதில்லை: மாடியிலிருந்து ஒயர் எந்த வழியாக வீட்டுக்குள் வரும்? பெரும்பாலும் அதைக் கடைசி நாள் மாலையில், டிரில்லிங் மிஷினும் கையுமாக நிற்கும் எலெக்ட்ரீஷியன்தான் தீர்மானிக்கிறார்.

இடவப்பாதி, துலாவர்ஷம் என்று ஆண்டுக்கு இருமுறை மழை கொட்டும் ஊரில் இது சின்ன விஷயமல்ல. மழைநீர் ஒயரையும் பைப்பையும் பிடித்துக்கொண்டே இறங்கும். பைப் மேலிருந்து சரிவாகச் சுவருக்குள் நுழைந்தால் தண்ணீரும் கூடவே நுழைந்து இன்வெர்ட்டரைத் தேடிப் போகும். பழைய வீடுகளின் வெட்டுக்கல் சுவரோ தன் பங்குக்கு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

ஈரத்தைவிட அஞ்ச வேண்டியது ஒயரில் ஓடும் மின்சாரம். ஆறு பெரிய பேனல்களை வரிசையாக இணைத்தால் ஏறத்தாழ 300 வோல்ட். வீட்டு மின்சாரம் வினாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் அதில் எழும் தீப்பொறி அணைய வாய்ப்புண்டு. பேனலின் நேர்மின்சாரத்துக்கு அந்த இடைவெளி கிடையாது. பொறி பிடித்தால் எரிந்துகொண்டே இருக்கும். மெயின் சுவிட்சை அணைத்தாலும், வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து இறங்கும் ஒயரில் மின்சாரம் இருக்கும். துளையின் முரட்டு விளிம்பில் உரசி ஒயரின் தோல் கிழிந்தால் அதுவே போதும்.

பரிகாரம் எளிது. துளை வெளிப்பக்கம் தாழ்ந்து சாய்வாக இருக்க வேண்டும். பைப்பைத் துளைக்குக் கீழே இறக்கி, வளைத்து, மேலேற்றி உள்ளே விட வேண்டும். வளைவின் அடியில் நீர் வடிய ஒரு சிறு ஓட்டை. வெயிலைத் தாங்கும் பைப், சுற்றிலும் சிலிக்கான் பூச்சு. பேனல் ஒயரும் வீட்டு ஒயரும் தனித்தனிப் பைப்பில். துளையும் இன்வெர்ட்டரும் எந்த உயரத்தில் என்று ஆலுவாக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 ஆகஸ்டில் பெரியாற்று வெள்ளம் எதுவரை ஏறியது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் கூடுதலாகத் தேவைப்படுவது சில நூறு ரூபாயும் அரை நாள் வேலையும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.