தூசிக் கால்கள்

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள காசில் கூம் கிராமத்தில், மூன்று தெருக்கள் கூடும் இடத்தில் ஒரு சந்தைச் சிலுவை நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பெயர்தான் சிலுவை, பார்க்க நாலுகால் மண்டபம் மாதிரி இருக்கும். நாலு கல்தூண், மேலே கூம்பாகக் கல் ஓடு, நடுவில் ஒரு கல்தண்டு. அந்தக் காலத்தில் கம்பளித் துணியால் கொழுத்த ஊர் இது. 15ஆம் நூற்றாண்டில் இதன் பிரபுவாக இருந்த சர் ஜான் ஃபாஸ்டால்ஃப், பிரான்சில் சண்டை போட்ட தன் ஆட்களுக்கு இங்கிருந்துதான் துணி வாங்கினார்.

சந்தைக்கு எதற்குச் சிலுவை? சாமி பார்க்க எவனும் எடையில் கைவைக்க மாட்டான் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். ஆனால் இங்கிலாந்துக்காரர்கள் சாமியை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. கோதுமை விலைக்கேற்ப ரொட்டி எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே சட்டம் போட்டார்கள். சந்தைகளுக்கென்றே பைபவுடர் கோர்ட் என்று ஒன்று இருந்தது. பிரெஞ்சில் 'தூசி படிந்த கால்' என்று அர்த்தம். வெளியூர் வியாபாரி நாளைக்கே கிளம்பிவிடுவான், அதனால் காலில் தூசி காய்வதற்குள் அவன் வழக்கைத் தீர்த்துவிட வேண்டும். பிரிஸ்டலில் இருந்த இப்படியொரு கோர்ட்டை 1971ஆம் ஆண்டுச் சட்டம்தான் பெயரளவிலும் ஒழித்தது. ஒழித்திருக்க வேண்டாம் என்பது என் கட்சி.

நான் முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே கார் ஓட்டும் நேரத்துக்குக் கம்பெனி சம்பளம் தருவதில்லை. குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் அதுவும் சேரும் என்கிறது சட்டம். ஏழு மாசக் கணக்கை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். "பேசாம இரும்மா, உன் விசா அவங்க கையில இருக்கு" என்றார் கூட வேலை பார்க்கும் அக்கா. மார்ச்சில் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பம் போட்டேன். இன்னும் தேதி வரவில்லை.

வேலைக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் இந்தக் கல்படியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். போன வியாழக்கிழமை ஒரு சுற்றுலாக் கூட்டம் வந்தது. ஃபோட்டோவில் நான் விழுகிறேனாம், கொஞ்சம் நகர முடியுமா என்று ஒருத்தர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். தயிர்சாத டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தேன். அடுத்த வீட்டுக்கு இன்னும் 35 நிமிஷம் இருந்தது. நோட்டில் குறித்துக்கொண்டேன்.