கையாளப்படாத விதிவிலக்கு: ஒரு வாரக் குறிப்பு

திங்கள்

நிரல் ஓடுகையில் எழும் பிழையை எந்தப் பகுதியும் ஏந்திக்கொள்ளாமல் அது மேல்மட்டம் வரை போய்விட்டால், அது கையாளப்படாத விதிவிலக்கு. அலுவலகப் பேச்சில் அன்ஹேண்டில்டு எக்செப்ஷன். கொள்முதல், விடுப்பு, பில் ஒப்புதல் போன்றவற்றை நடத்தும் ஒர்க்ஃப்ளோ மென்பொருளில் இதன் பாதிப்பு தனி ரகம். ஒரு கோப்பு அங்கே வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நடுவில் அறுந்தால் யார் மேஜையிலும் இல்லாமல் தொங்கும். இங்கே எடுத்துக்கொண்டது, டாட் நெட் 4 உடன் 2010இல் வந்த விண்டோஸ் ஒர்க்ஃப்ளோ ஃபவுண்டேஷன் பதிப்பின் மேல் எழுதிய ஒரு கொள்முதல் ஒப்புதல்.

புகார் வந்ததும் கை ரீஸ்டார்ட்டுக்குத்தான் போகும். தடயத்தை எடுத்து வைக்காமல் அதைச் செய்வது பெரிய நஷ்டம். நினைவகத்தில் இருந்தது அழியும். அதே நிரலுக்கு அதே தரவு வந்தால் அதே இடத்தில்தான் மறுபடி விழும். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே சிதறியதற்கும் கையாளப்படாத விதிவிலக்கே காரணம்: 64 பிட் தசம எண் ஒன்று 16 பிட் முழு எண்ணுக்குள் அடங்கவில்லை. மாற்றுக் கணினி இருக்கத்தான் செய்தது. அதிலும் அதே மென்பொருள். அதே காரணத்தால் அது முன்னதாகவே நின்றுபோயிருந்தது.

செவ்வாய்

தடயம் சேர்க்கும் நாள். எந்த விண்ணப்ப எண், யார் அழுத்தியது, எத்தனை மணிக்கு என்ற மூன்றும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. டாட் நெட் புரோகிராமே சரிந்திருந்தால் விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் 1026 என்ற எண்ணுடன் பதிவு இருக்கும். சரியாமல் ஒரு கோப்பு மட்டும் விழுந்திருந்தால், மென்பொருளின் சொந்த லாக்கைத்தான் புரட்ட வேண்டும். நேரத்தில் ஏமாறுவது சகஜம்: இந்திய நேரம் காலை 10.10க்கு நடந்ததை யுடிசியில் எழுதும் சர்வர் 4.40 என்று குறித்திருக்கும்.

புதன்

ஸ்டாக் ட்ரேஸ், அதாவது பிழை எழுந்தபோது எது எதை அழைத்தது என்ற வரிசை, வாசிப்பு. பொறுமை கேட்கும் வேலை. இதைக் கற்றவருக்கு மற்றதெல்லாம் எளிது. முதலில் கண்ணில் படும் பெயர் பெரும்பாலும் வெறும் உறை. அம்புக்குறிக்குப் பின்னால், உள்ளே வருவதே உண்மையான பிழை. அதன் கீழுள்ள வரிகளில் மேலே இருப்பது கடைசியாக அழைக்கப்பட்டது. மேலிருந்து இறங்கினால், மைக்ரோசாஃப்டின் வரிகளைத் தாண்டி நம் நிரலின் பெயர் எங்கே முதலில் வருகிறதோ அங்கே நிற்க வேண்டும்.

இங்கே நின்ற வரி, விண்ணப்பித்தவரின் மேலதிகாரியுடைய மின்னஞ்சல் முகவரியை எடுக்கும் வரி. உள்ளே இருந்த பிழை நல் ரெஃபரென்ஸ் எக்செப்ஷன்: இல்லாத ஒன்றிடம் கேட்டது. இந்த வெற்றுச் சுட்டியை 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக வடிவமைத்த டோனி ஹோர், அதைத் தம் நூறு கோடி டாலர் தவறு என்று 2009இல் சொன்னார். வரி கிடைத்ததும் காரணம் கிடைத்துவிட்டதாக நினைப்பது தவறு. அந்த வரி பல மாதம் ஒழுங்காக ஓடியதுதான். அதிகாரி ஓய்வு பெற்றார். ஊழியர் பதிவேட்டில் அவர் பெயரை நீக்கினார்கள். அவருக்குக் கீழிருந்தவர்களின் ‘மேலதிகாரி’ கட்டம் காலியானது. பிழை வெடித்தது நிரலில், பிறந்தது பதிவேட்டில்.

வியாழன்

விழுந்த கோப்புகளின் கதி, ஒர்க்ஃப்ளோவை ஓட்டும் ஹோஸ்ட் என்ன முடிவெடுத்தது என்பதைப் பொறுத்தது. ஒர்க்ஃப்ளோ அப்ளிகேஷன் ஹோஸ்ட்டில் டெர்மினேட், கேன்சல், அபார்ட் என மூன்று வழிகள். ஒன்றும் சொல்லாவிட்டால் டெர்மினேட். கோப்பு பிழையோடு முடிந்துவிடும், அதை மீண்டும் எழுப்ப வழியில்லை. வாரக்கணக்கில் ஓடும் ஒப்புதலுக்கு இந்த இயல்புநிலையை அப்படியே விடுவது அநியாயம். அபார்ட் என்றால் நினைவகப் பிரதி மட்டும் போகும். கடைசியாக டேட்டாபேஸில் சேமித்த இடத்திலிருந்து தொடரலாம். அப்போதும் சேமிப்புக்குப் பின் நடந்த படிகள் இரண்டாம் முறை ஓடும்: ஒரே மின்னஞ்சல் இரண்டு தடவை போனால் பரவாயில்லை, ஒரே பர்ச்சேஸ் ஆர்டர் இரண்டு தடவை போனால் பணம். ஆர்டர் போன கையோடு சேமிக்க வேண்டும். மறுபடி ஓடினால் அதே எண் முன்பே போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வெள்ளி

திருத்தம். எல்லாவற்றையும் பிடித்து விழுங்கும் வெற்று கேட்ச் எழுதினால் திரையில் பிழையைக் காட்டும் சிவப்புப் பட்டை மறையும். கோப்பு சத்தமில்லாமல் தொலையும். அதைவிட வெடிப்பதே மேல். நெட்வொர்க் தாமதம் போன்ற தற்காலிகக் கோளாறுக்கு மறுமுயற்சி பொருந்தும். காலிக் கட்டத்துக்கு எத்தனை முயன்றாலும் பயனில்லை. மேலதிகாரி இல்லையென்றால் துறைத்தலைவருக்குப் போகும் கிளை, அவரும் இல்லையென்றால் நிர்வாகப் பிரிவின் வரிசை என்று ஒர்க்ஃப்ளோவிலேயே சேர்க்க வேண்டும். ஓய்வு பெறுபவரின் பெயரை நீக்கும் முன் மாற்று அதிகாரியைக் கேட்கும்படி பதிவேட்டுப் படிவமும் மாற வேண்டும்.

சனி

மேலதிகாரி இல்லாத பயனர் ஒருவரைச் சோதனை சர்வரில் உருவாக்கி அதே விண்ணப்பத்தை அனுப்பிப் பார்த்தல். துறைத்தலைவருக்குப் போய்ச் சேர்ந்த பிறகே உண்மையான சர்வரில் ஏற்ற வேண்டும். டெர்மினேட் ஆன கோப்புகளின் எண்கள் லாக்கில் இருக்கும். அவற்றைப் பட்டியலிட்டு, உரியவர்களிடம் சொல்லி, புதிதாகப் பதியச் செய்ய வேண்டும்.