தடைக்காலத்து ஆட்டம்

ஐபிஎல் அட்டவணை போடுகிறவர்கள் எங்கள் ஊரை மனதில் வைத்துத்தான் தேதி குறிக்கிறார்கள் என்று தங்கச்சிமடத்தில் ஒரு கிண்டல் உண்டு. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017க்கு முன்னால் 45 நாள்தான், அப்புறம் கூட்டிவிட்டார்கள். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். ஒரு பக்கம் மராமத்து, ஒரு பக்கம் பெயிண்ட், ஒரு பக்கம் கடன். அரசு கொடுக்கிற நிவாரணம் ஒரு மாதத்து மளிகைக்கு வரும். ஆம்பளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கிற அந்த இரண்டு மாதம்தான் ஐபிஎல்லும் நடக்கிறது. மற்ற மாதங்களில் டோக்கன் போட்டுக் கடலுக்குப் போகிற நாள் எது, கரையில் கிடக்கிற நாள் எது என்று கணக்குப் பார்த்து வாழ்கிறவர்களுக்கு, சாயங்காலம் ஏழரை மணிக்கு டிவி முன்னால் உட்கார்வது தடைக்காலத்தில் மட்டுமே கிடைக்கிற வசதி.

நான் சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகன். அரசியலும் பேசுவேன். எங்கள் பக்கம் இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்வது கஷ்டம். விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் கடலிலிருந்து ஐநூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்கள் என்பது என் அனுபவம்.

எங்கள் வீட்டுக்கு கிரிக்கெட் வந்ததே இலங்கை வழியாக. அப்பா காலத்தில் இலங்கை வானொலி, பிறகு ரூபவாஹினி. மொட்டை மாடியில் நீள மூங்கிலில் ஆன்டெனாவைக் கட்டி கிழக்கே திருப்பி வைத்தால் மதுரையை விடக் கொழும்பு தெளிவாகத் தெரியும். 1996 உலகக் கோப்பை சமயத்தில் எனக்கு எட்டு வயது. கொழும்பில் குண்டு வெடித்ததால் ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீஸும் அங்கே ஆட வர மறுத்துவிட்டார்கள். இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து கொழும்புக்குப் போய் ஒரு ஆட்டம் ஆடிக் காட்டினார்கள். இன்றைக்கு யாரிடமாவது இதைச் சொன்னால் கதை விடாதே என்பார்கள். அப்புறம் மார்ச் 17 அன்று லாகூரில் அரவிந்த டி சில்வா சதம் அடித்துக் கோப்பையை வாங்கினார்கள். தெருவில் பாதிப் பேர் கை தட்டினார்கள். பாதிப் பேர், "அங்க நம்ம ஆளுகளக் கொல்றாய்ங்க, இங்க கை தட்டுறீகளா" என்று திட்டினார்கள். திட்டியவர்களும் கடைசி ஓவர் வரை பார்த்துவிட்டுத்தான் திட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முத்தையா முரளிதரன் 2008இல் சென்னை அணிக்கு வந்தபோது ஊரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கண்டிக்காரர், மலையகத் தமிழர், சென்னையில் பெண் எடுத்தவர். தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளை மண்டபம் முகாமில் தங்கவைத்து, நோய் உண்டா என்று பார்த்து, தனுஷ்கோடி வழியாகக் கப்பலேற்றிய காலம் ஒன்று இருந்தது. அவருடைய முன்னோரும் அந்த வழியில் போயிருக்கலாம். அதே மண்டபத்தில் இப்போது இருப்பது இலங்கையிலிருந்து வந்த அகதிகளின் முகாம். ஒரே இடம், போன வழியும் வந்த வழியும். 2010 வரை அவர் சென்னை அணிக்காகக் கண்ணை உருட்டிக்கொண்டு பந்து போட்டார். போர் உச்சத்தில் நடந்த 2009ஐயும் சேர்த்துத்தான் சொல்கிறேன். (அந்த வருஷம் தேர்தலைக் காரணம் காட்டி ஐபிஎல்லையே தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். முள்ளிவாய்க்கால் முடிந்த வாரத்தில் இங்கே ஆட்டம் நடந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசிப்பதுண்டு. பார்த்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அந்த மே மாதம் முழுக்க யாரும் சத்தமாகப் பேசவில்லை, ஆனால் டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது.)

விஷயம் 2013இல் வந்தது. மார்ச் மாதம், ஜெனீவாவில் தீர்மானம், சென்னையில் மாணவர்கள் உண்ணாவிரதம், மத்திய அரசிலிருந்து திமுக விலகல். இலங்கை வீரர்களோ நடுவர்களோ கலந்துகொள்ளாவிட்டால் மட்டுமே தமிழ்நாட்டில் ஐபிஎல் ஆட்டங்களை அனுமதிக்க முடியும் என்று முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஐபிஎல் நிர்வாகம் அன்றைக்கே தலையாட்டியது. சென்னை அணியிலேயே நுவன் குலசேகராவும் அகில தனஞ்சயாவும் இருந்தார்கள். சொந்த மைதானத்திலேயே ஆடக் கூடாத நிலை. ஏப்ரல் 25, ஹைதராபாத்துடன் ஆட்டம். நான் அப்போது சென்னையில் மேன்ஷன் வாசி, பத்து நாள் சாப்பாட்டுக் காசில் டிக்கெட் வாங்கிப் போனேன். ஹைதராபாத் கேப்டன் சங்கக்காரா வரவில்லை. கேமரன் வைட் டாஸ் போட வந்தார். தோனி 67 அடித்து ஜெயித்தோம். பக்கத்து இருக்கைக்காரர் என் ஊரைக் கேட்டுவிட்டு, "உங்களுக்காகத்தான் சார் இதெல்லாம்" என்று தோளில் தட்டினார். நல்ல மனுஷர், பாப்கார்ன்கூட வாங்கித் தந்தார்.

அன்று ராத்திரி மாமாவுக்கு போன் போட்டேன். அம்மாவின் தம்பி. விசைப்படகில் முப்பது வருஷமாகத் தொழிலாளி. சொந்தப் படகு கிடையாது. இலங்கை ஆட்களை விளையாட விடவில்லை என்று விவரம் சொன்னேன்.

"அப்ப பிடிச்சு வச்சிருக்க போட்டெல்லாம் விட்ருவாய்ங்களா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல மாமா."

"பெறகு எதுக்கு?"

எனக்கு இன்றுவரை பதில் கிடைக்காத கேள்வி அது. அந்த வருஷம் பிளே ஆஃப் ஆட்டங்கள் இரண்டு சென்னையில் நடப்பதாக இருந்தது. டெல்லிக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு முந்தைய செப்டம்பரில் நட்பு ஆட்டத்துக்கு வந்த கால்பந்துப் பையன்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஜூலையில் சென்னையில் நடக்கவிருந்த ஆசியத் தடகளப் போட்டி புனேவுக்குப் போனது. ஓட்டப்பந்தயக்காரனையும் பந்து உதைக்கிற பள்ளிக்கூடத்துப் பையனையும் தடுத்தாயிற்று. கொழும்புத் துறைமுகத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே சரக்குக் கப்பல் மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

புறக்கணிப்பே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. தென்னாப்பிரிக்காவை 1970இலிருந்து 1991 வரை உலகக் கிரிக்கெட் ஒதுக்கி வைத்தது, அது சரிதான். ஆனால் அங்கே அணித் தேர்விலேயே நிறவெறி இருந்தது. கறுப்பருக்கு அந்தச் சட்டை கிடைக்காது. அதனால் அந்தச் சட்டையோடு யாரும் ஆட மாட்டோம் என்றார்கள். விளையாட்டோடு வியாபாரத்தையும் நிறுத்தச் சொல்லி உலகம் முழுக்கப் போராடினார்கள். அந்த வலியை ஒதுக்கப்பட்ட அணி உணர்ந்தது. 2013இல் இங்கே வலியை உணர்ந்தது யார்? மற்ற ஊர்களில் எல்லாம் அதே வீரர்கள் ஆடினார்கள், சம்பளம் வாங்கினார்கள். சென்னை அணியின் முதலாளியே அப்போது இந்திய கிரிக்கெட் வாரியத் தலைவர். அவருக்கும் சிக்கல் இல்லை, அரசுக்கும் நல்ல பெயர். சலுகை விலையில் கிடைத்த வீரம்.

இதே அளவுகோலில் 2018ஐயும் பார்க்க வேண்டும், அங்கே என் கருத்து மாறுகிறது. காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் கொடுத்த ஆறு வாரக் கெடு முடிந்தும் மத்திய அரசு அசையவில்லை. இரண்டு வருஷத் தடை முடிந்து சென்னை அணி திரும்பி வந்த முதல் சேப்பாக்கம் ஆட்டம், ஏப்ரல் 10. வெளியே மறியல், உள்ளே மைதானத்தில் செருப்பு வந்து விழுந்தது. மிச்ச ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ரசிகர்களுக்குத் தனி ரயில் விட்டார்கள். நண்பர்கள் கொதித்தார்கள். எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்தில் குழாயில் வருவது காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர். கடலோரக் கிராமத்தில் உப்புத் தண்ணீர் கிணற்றில் ஊற்று தோண்டி, தகரக் குவளையால் வழித்து வழித்துக் குடம் நிறைத்த பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆறு ஆட்டம் போனால் போகட்டும் என்று அன்றைக்கே சொன்னேன். செருப்பு வீசியதில் எனக்கு உடன்பாடில்லை, ஆட்டக்காரன் என்ன பண்ணுவான். ஆனால் கோரிக்கை யாரிடம், எதற்கு, என்பதாவது தெளிவாக இருந்தது. ஒரு வேடிக்கையும் உண்டு: புனேயில் பவனா ஆற்றுத் தண்ணீரை மைதானத்துக்கு எடுக்கக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தடை போட்டது. தண்ணீர்ப் பிரச்சினை ரயிலேறிப் பின்னாலேயே போயிருக்கிறது.

மீனவர் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதினால் ஊரில் சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. சென்னை மேடைகளில் எங்கள் கதை ரொம்ப எளிமையாக இருக்கும்: அப்பாவித் தமிழ் மீனவன், எல்லை தெரியாமல் போனான், சிங்களக் கடற்படை பிடித்தது. பிடிக்கிறார்கள், உண்மை. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன், 21 வயது, கடலில் குண்டு பட்டுச் செத்தான். நாங்கள் சுடவில்லை என்றது இலங்கைக் கடற்படை. ஊரே ஒரு வாரம் பந்தலில் உட்கார்ந்தது, நானும் உட்கார்ந்தேன். அந்தக் கோபம் ஆறவில்லை. ஆனால் மேடையில் சொல்லாத பாதியும் உண்டு. எங்கள் விசைப்படகு இழுவை மடி போடுகிறது. தரையை வழித்துக்கொண்டு வரும். இந்தப் பக்கம் கடல் வழித்துத் தீர்ந்ததால்தான் அந்தப் பக்கம் போகிறது. அங்கே அறுபடுகிற வலை யாழ்ப்பாணத்தான் வலை, மன்னார்க்காரன் வலை. அவனும் தமிழன். முப்பது வருஷம் போரால் கடலுக்கே போக முடியாமல் கிடந்து, கடன் வாங்கி வலை வாங்கினவன். இழுவை மடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. பாம்பனில் நாட்டுப்படகுக்காரரைக் கேட்டால் அவரும் விசைப்படகைத்தான் திட்டுவார். மாமாவுக்கு இதெல்லாம் தெரியும். "தெரிஞ்சு என்ன செய்ய? பாட்டுல பங்கு வந்தாத்தான் அடுப்பு எரியும்" என்பார். ஆழ்கடலுக்கு மாற அரசு மானியத்தில் படகு தரும் திட்டமும் 2017இலேயே வந்தது. அது முதல் போட முடிகிற ஓனருக்கான பேச்சு, மாமா மாதிரிக் கூலிக்குப் போகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது? இந்தச் சிக்கலில் எந்த நுனியைப் பிடித்து இழுத்தாலும் சங்கக்காரா வர மாட்டார்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 2020இல் முரளிதரன் வாழ்க்கைப் படத்திலிருந்து விஜய் சேதுபதி விலகினார். 2022 பிப்ரவரியில் மஹீஷ் தீக்ஷனாவை எடுத்ததற்காகச் சென்னை அணியைப் புறக்கணிக்கச் சொல்லி ட்விட்டரில் ட்ரெண்டிங். அடுத்த மாதமே இலங்கையில் அரிசிக்கும் பாலுக்கும் வழியில்லாமல் கைக்குழந்தையோடு ஆட்கள் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கினார்கள். மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். ட்ரெண்டிங் செய்த என் நண்பன் அவர்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

2023 மே 23, சேப்பாக்கம், குஜராத்துடன் முதல் தகுதிச் சுற்று. பதிரனா கொஞ்ச நேரம் மைதானத்தை விட்டு வெளியே போயிருந்ததால் உடனே பந்து போட முடியாது என்றார்கள் நடுவர்கள். தோனி அவர்களைச் சுற்றி நின்று பேசினார், பேசினார், நேரம் ஆகிற வரை பேசிக்கொண்டே இருந்தார். அப்புறம் பதிரனா வந்து போட்டான். அது விளையாட்டு தர்மமா என்று வர்ணனையாளர்கள் பட்டிமன்றம் நடத்தினார்கள். எனக்கு வேறு கணக்கு ஓடியது. பத்து வருஷத்துக்கு முன் இலங்கைக்காரன் கால் வைக்கக் கூடாது என்று பிளே ஆஃபையே பறிகொடுத்த மைதானத்தில், ஒரு இலங்கைக்காரன் பந்து போட வேண்டும் என்பதற்காக ஆட்டமே நிற்கிறது, கூட்டம் விசில் அடிக்கிறது. தீக்ஷனாவும் பதிரனாவும் ஆளுக்கு 2 விக்கெட். எதிரணியில் தசுன் சனகா. யார் அனுமதி கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. 2013இல் என்ன பிரச்சினை இருந்ததோ அது அப்படியே இருக்கும்போது, அந்தத் தடை மட்டும் ஒரு அறிவிப்புகூட இல்லாமல் காணாமல் போயிருந்தது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

2024 மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை. காலையில் பிரதமர் கச்சத்தீவைப் பற்றி ட்வீட் போட்டார். 1974இல் தாரை வார்த்த கதை. நாள் முழுக்க எல்லாச் சேனலிலும் அதே 285 ஏக்கர். எங்கள் தொகுதியில் முன்னாள் முதல்வர் பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அவர் பெயரிலேயே இன்னும் சில பன்னீர்செல்வங்களும் நின்றார்கள். (ஜெயித்தது நவாஸ் கனி.) சாயங்காலம் விசாகப்பட்டினத்தில் டெல்லியுடன் ஆட்டம். வார்னர் அடித்த பந்தைப் பதிரனா ஒற்றைக் கையில் பாய்ந்து பிடித்தான். டீக்கடையில் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினவர்களில் காலையில் கச்சத்தீவை மீட்போம் என்று கத்தினவரும் இருந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மாமா மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "கச்சத்தீவக் குடுத்துட்டா மட்டும் மீனு அங்கன வந்து நிக்குமா? அதத் தாண்டித்தானடா போறோம்." தோனி கடைசியில் 16 பந்தில் 37 அடித்தார், தோற்றுப்போனோம்.

அந்த வருஷம் தடைக்காலம் முடிந்து தொழில் தொடங்கிய பிறகு மாமா இருந்த படகு பிடிபட்டது. சில வாரம் அந்தப் பக்கம் இருந்துவிட்டு, விமானத்தில் சென்னைக்கு வந்து இறங்கினார். வாழ்க்கையில் முதல் விமானப் பயணம். மண்டபத்தில் பார்க்கப் போனபோது தாடியோடு இருந்தார். அடித்தார்களா என்று அத்தை கேட்டதற்கு இல்லை என்றார். சோறு, கொசு, கழிவறை பற்றி இரண்டிரண்டு வார்த்தை. பிறகு தானாகவே ஆரம்பித்தார். உள்ளே காவலுக்கு இருந்த ஒரு சின்னப் பையன், கொஞ்சம் தமிழ் பேசுவானாம், இவர் தமிழ்நாடு என்றதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டானாம்.

"தோனி எப்ப ரிட்டயர் ஆவாருன்னு கேட்டான்டா. எனக்கென்ன தெரியும்னேன். எங்க பதிரனாவ அடுத்த வருசமும் வச்சிருப்பீங்களான்னான். அதும் எனக்குத் தெரியாதுன்னேன்."

"நீங்க ஒண்ணும் கேக்கலயா மாமா?"

"போட்ட எப்ப விடுவீகன்னு கேட்டேன். அது அவனுக்குத் தெரியாதாம்."