பொட்டியை மாத்தவா, வேணாமா?

ரெண்டு வாரமா மண்டைக்குள்ள ஓடுற கேள்வி இதுதாங்க. ஊர்ல இருக்குற எங்க வீட்டுப் பொட்டி, நான் ஏழாவது படிச்சப்ப, 2014-ல அப்பா சீட்டு எடுத்து வாங்கினது. நாலாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். நான் 'சி' கத்துக்கிட்டது, இங்க ஜெர்மனிக்கு அப்ளிகேஷன் போட்டது எல்லாம் அதுலதான்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11 போடலாம்னா டிபிஎம் 2.0 கேக்குது, இன்டெல்னா எட்டாம் தலைமுறையாவது வேணும். கடைக்காரர் "புதுசு வாங்கிடுங்க சார்"னுட்டார். எனக்கு பார்ட் டைம்ல வர்ற காசு வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாப் போகுது.

நேத்து கேட்டேன், "அதுல என்னப்பா பண்றீங்க?"

"பேப்பர் படிப்பேன். கரண்ட் பில் கட்டுவேன். ஞாயித்துக்கிழமை உன் மூஞ்சியப் பெருசா பாப்பேன். போன்ல சின்னதாத் தெரியுதுடா."

இதுக்குப் புதுப் பொட்டி எதுக்கு? ஆனா பேங்க் பாஸ்வேர்ட் அடிக்கிற பொட்டிய பாதுகாப்பு அப்டேட் இல்லாமலும் விட முடியாது. அதனால முடிவு பண்ணியாச்சு: ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா எஸ்எஸ்டி, இன்னொரு 4 ஜிபி ராம், இலவசமாக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட். தம்பி ஸ்க்ரூ டிரைவரோட ரெடி.

அப்பா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: "எதை வேணா மாத்துங்கடா, அந்தக் கேமராவ மட்டும் கழட்டிடாதீங்க."