பன்னிரண்டு மூட்டை

சிமெண்ட் ஆலைக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்குச் சிமெண்டின் அருமை தெரியாது. மதுக்கரையில் 1930களிலேயே ஆலை வந்துவிட்டது. எங்கள் வீட்டு ஓட்டில் படியாத தூசியா!

1996 உள்ளாட்சித் தேர்தலில் மதுக்கரை ஒன்றியத்தின் ஒரு சின்ன ஊராட்சிக்கு வார்டு உறுப்பினராகி, துணைத் தலைவரும் ஆனேன். அந்தப் பதவியை லேசாக நினைக்காதீர்கள். அப்போதெல்லாம் செக்கில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும். ஒருவர் தடம் மாறினால் இன்னொருவர் தடுக்கட்டும் என்றுதான் இரண்டு கையெழுத்து. எங்கள் தலைவர், பெண்களுக்கான இடஒதுக்கீட்டில் ஜெயித்து வந்த ஒரு அக்கா. தடம் மாறியவன் நான்.

காண்ட்ராக்டர் இல்லாமல் ஊராட்சியே எடுத்துச் செய்த 80 மீட்டர் வடிகால். எஸ்டிமேட்டில் அடிக் கான்கிரீட் 15 சென்டிமீட்டர்.

“ஏனுங்க, ஆறு அங்குலம்னு போட்டிருக்குதுங்களே?” என்றார் மேஸ்திரி.

“நாலு போதும்ங்க. சாக்கடைக்குள்ள லாரியா ஓடப்போகுது?”

மிச்சமான பன்னிரண்டு மூட்டை மாரியம்மன் கோயில் திண்ணைக்குப் போனது. ஒரு சட்டி சிமெண்ட்கூட என் வீட்டுக்கு வரவில்லை. அந்த நினைப்புதான் என்னைக் கெடுத்தது.

மண்ணுக்குள் மறையும் வேலையை அளந்து, எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஏற்றிய பிறகே மூட வேண்டும். வடிகால் கட்டிய தெருவிலோ மறுநாள் கல்யாணம்.

“ஓவர்சியர் வந்து அளக்கட்டுமே தம்பி” என்றார் அக்கா.

“அதெல்லாம் நான் பாத்துக்கறேனுங்க்கா.”

பொழுது சாய்வதற்குள் மண்ணைத் தள்ளி மூடிவிட்டோம்.

திங்கட்கிழமை வந்த ஓவர்சியர் சத்தம் போடவில்லை. கடப்பாரை கேட்டார். சுவரை ஒட்டி மூன்று இடத்தில் தோண்டச் சொல்லி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து டேப்பை வைத்தார். பத்து சென்டிமீட்டர். அடுத்த குழியில் பத்தரை. மூன்றாவதில் ஒன்பது. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி எழுதினார். தெருவே கேட்டுக்கொண்டு நின்றது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

இருந்த கனத்துக்குத்தான் பில் போட்டார்கள். சிமெண்ட் கடைப் பாக்கியை என் கைக்காசில் கட்டினேன். ‘அந்த மேஸ்திரி கலவையில கை வெப்பான்’ என்று ஊரில் கிளம்பிய பேச்சை எதைக் கொடுத்துக் கட்டுவது? கிராம சபையில் எழுந்து உண்மையைச் சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆனது.

திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் ஊராட்சித் தலைவராக இருந்த இளங்கோவும் எஸ்டிமேட்டை மாற்றியவர்தான். கல் பாலீஷ் ஆலையில் கழித்துப்போட்ட கற்களை வைத்து வடிகால் கட்டியதில் செலவு குறைந்தது. ஆனாலும் பதவி நீக்கம் வந்தது. ஊரே அவர் பக்கம் நின்றது, பதவியும் திரும்பக் கிடைத்தது. கொஞ்ச காலம் நானும் அந்தக் கதையைச் சொல்லி, அவருக்குப் பங்காளி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அவர் மாற்றியதை ஊரறியச் செய்தார். நான் மண்ணைப் போட்டு மூடினேன். இதில் பங்காளி உறவுக்கு இடமில்லை.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இந்த நாட்களில் உங்கள் ஊரிலும் கிராம சபை கூடும். தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எம்-புக்கைக் கேளுங்கள். அடிக் கான்கிரீட்டை அளந்தது என்றைக்கு, மண் மூடியது என்றைக்கு என்று இரண்டு தேதியையும் பாருங்கள்.