விளக்கடியில் ஒரு கேனரிக் கூண்டு: வடக்குப்பட்டில் பார்த்தது

"தோட்டத்தில் கூண்டு கட்டி கேனரி வளர்க்கலாமா? நம் வெயிலுக்குக் குஞ்சு பொரிக்குமா? வருமானம் வருமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நான் நெல்லும் நிலக்கடலையும் படித்தவன். பறவை என் பாடம் இல்லை. ஆனால் இந்த மூன்று கேள்விக்கும் ஒரே இடத்தில் பதில் பார்த்திருக்கிறேன். அந்த ஊரைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கும் உதவும்.

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டினால் கன்டெய்னர் லாரிகளும் ஷிப்டு பஸ்களும்தான் கண்ணில் படும். ஒரகடம் பக்கத்தில் பிரதான சாலையை விட்டு உள்ளே போனால் வடக்குப்பட்டு. 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்து, கற்கருவிகளையும் பழைய பானை ஓடுகளையும் எடுத்தது. அவ்வளவு காலமாக மனிதர் புழங்கிய மண். இன்றைக்கு அதைச் சுற்றிலும் தொழிற்சாலை மதில்கள்.

அந்த மதில் ஒன்றை ஒட்டி ஒரு விவசாயியின் வீடும் 60 சென்ட் நிலமும் இருக்கின்றன. மற்ற நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. மிச்சத்தில் வருஷம் ஒரு போகம் சீரகச் சம்பா வைக்கிறார். மகன் ஷிப்டு வேலைக்குப் போகிறார். பிராட்வே பக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஆசைப்பட்டு மூன்று ஜோடி கேனரி வாங்கி வந்தது அவர்தான். வளர்ப்பது அப்பா.

கூண்டு நன்றாகவே இருந்தது. 12 அடி நீளம், 8 அடி அகலம், 7 அடி உயரம். எலி நுழையாதபடி ஒன்றரை அடி ஆழத்துக்குச் செங்கல் புதைத்து, அதன்மேல் அரை அங்குலத்துக்கும் குறைவான கண்ணுள்ள வலை. வெளிப்புறம் கொசுவலை. ஏரி உள்ள ஊரில் இது அவசியம். கேனரிக்கு வரும் அம்மை நோயைக் கொசுவும் பரப்பும். மேலே பாதிக்குத் தகரம், அதன்மேல் தென்னங்கீற்று. பறவை பறந்துவிடாமல் இரட்டைக் கதவு. தீனித் தட்டு வைத்த ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம்.

நான் முதலில் போனது ஒரு மார்கழியில், நெல் பார்க்க. "பாட்டையே நிறுத்திடுச்சி சார். இறகு கொட்டுது. முட்டையும் கிடையாது. கடைக்காரன் கெழட்டுப் பறவையைக் கொடுத்துட்டான்" என்றார். தீனியைப் பார்த்தேன். தினை, கேனரி விதை, கொஞ்சம் பேயெள், முளைக்கீரை, சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடைக் கடல்நுரை. குறை சொல்ல எதுவும் இல்லை.

வயலுக்குப் போனோம். எல்லா இடத்திலும் நெல் முற்றிச் சாய்ந்திருந்தது. மதில் ஓரம் மட்டும் ஏழெட்டு அடி அகலத்துக்குக் கதிரே தள்ளாமல் பச்சையாக நின்றது. "உரம் அதிகமா விழுந்திருக்குமா?" என்று கேட்டார். எனக்கும் அந்த நேரத்தில் பிடிபடவில்லை. ஆறு மணிக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் விளக்குகள் எரிந்தன. வயல் ஓரம் பட்டப்பகல் மாதிரி ஆனது. கதிர் தள்ளாத பட்டை எங்கே முடிந்ததோ, ஏறக்குறைய அங்கேதான் வெளிச்சமும் மங்கியது.

சீரகச் சம்பா பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் கதிர் தள்ளும். இரவிலும் வெளிச்சம் விழுந்தால் நீண்ட பகல் என்று நினைத்து இலை விட்டுக்கொண்டே நிற்கும். நான் இதைச் சொல்லி முடிக்கும் முன் அவர் திரும்பிக் கூண்டைப் பார்த்தார். "அப்போ இதுங்களுக்கும் அதே கதைதானா சார்?" என்றார். கண்டுபிடித்தவர் அவர்தான். நான் இல்லை.

கேனரியின் சொந்த ஊர் அட்லாண்டிக் கடலில் உள்ள கேனரி, மதேரா, அசோர்ஸ் தீவுகள். கேனரித் தீவுகளில் குளிர்காலப் பகல் சுமார் பத்தரை மணி நேரம், கோடையில் 14 மணி நேரத்தை நெருங்கும். அந்த நீட்சிதான் "ஜோடி சேர், கூடு கட்டு" என்று பறவைக்குச் சொல்கிறது. நம் பக்கம் டிசம்பரில் பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, ஜூனில் 13-க்குச் சற்றுக் குறைவு. வித்தியாசமே கொஞ்சம்தான். அதையும் மதில் விளக்கு அழித்துவிட்டால், பறவைக்கு வருஷம் முழுக்க முடியாத கோடை. நீண்ட பகலிலேயே கிடந்தால் இனப்பெருக்க உணர்வு அடங்கி, பாட்டு நின்று, இறகு கொட்டும்.

மதில் பக்கமும் மேலேயும் கனமான கறுப்புத் துணித் திரை போடச் சொன்னேன். காற்று போக அடியில் ஒரு சாண் இடைவெளி. மாலை ஆறுக்கு மூடி, காலை ஆறுக்குத் திறக்க வேண்டும். அந்த வருஷம் முட்டை வரவில்லை. அடங்கிய பறவைக்குக் குறுகிய பகல் சில மாதம் கிடைத்தால்தான் மறுபடி தயாராகும்.

அடுத்த வருஷம் கார்த்திகையில் மழை ஓய்ந்ததும், கூண்டுக்குள் ஒரு சிறு விளக்கு வைத்து வாரத்துக்குக் கால் மணி நேரமாகப் பகலை நீட்டினார். சேவல்கள் சண்டை போடாமல் இருக்கப் பலகை வைத்து மூன்று அறையாகத் தடுத்தார். கிண்ணம் போன்ற கூடும், குட்டையாக வெட்டிய தேங்காய் நாரும் வைத்தார். நீள நூல் வைக்கவே கூடாது, காலில் சுற்றிக்கொள்ளும். தை மாதம் முட்டை வந்தது.

ஒரு ஈட்டுக்கு மூன்று முதல் ஐந்து முட்டை. தினம் ஒன்றாக இடுவதால், முதல் மூன்றை எடுத்துவிட்டுப் பொய் முட்டை வைத்து, நான்காம் நாள் திருப்பி வைத்தால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரியும். அடை 13, 14 நாள். ஆறு, ஏழாம் நாள் டார்ச் வெளிச்சத்தில் நரம்பு தெரிந்தால் கரு பிடித்திருக்கிறது. பொரித்த பின் வேகவைத்த முட்டையை ரொட்டித் தூளோடு பிசைந்து, கெடாமல் இரண்டு மூன்று தடவையாகக் கொடுக்க வேண்டும். மூன்று வாரத்துக்குள் குஞ்சு கூட்டை விட்டு இறங்கும். தானே தீனி உடைக்க நான்கைந்து வாரம் ஆகும். சிவப்பு உண்ணி பகலில் பலகை இடுக்கில் ஒளிந்து இரவில் ரத்தம் குடிக்கும். இடுக்குகளை வாரா வாரம் பாருங்கள். பங்குனிக்குள் கூட்டை எடுத்துவிடுங்கள். அக்னி வெயிலில் பறவையை இனப்பெருக்கத்தில் விடாதீர்கள்.

இனி வருமானம். ஜோடிக்கு இரண்டு ஈட்டுக்கு மேல் எடுத்தால் தாய் தேய்ந்துபோகும். தேறுவது நாலைந்து குஞ்சு. வாங்குகிறவர்களும் குறைவு. நிலம் போனவருக்கு இது நிலத்துக்கு ஈடாகாது. பொழுதுபோக்கு, தீனிச் செலவு கையைக் கடிக்காது, அவ்வளவுதான். ஒன்று கவனம்: பச்சைக்கிளி, தினைக்குருவி போன்ற நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டுப் பறவைகளிலும் சிலவற்றைப் பதிவு செய்தாக வேண்டும். வாங்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தையில் போனபோது ஐந்து குஞ்சுகள் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மதில் ஓரத்தில் சீரகச் சம்பா இந்த வருஷமும் பச்சையாகவே நின்றது. "கூண்டுக்குத் திரை போட்டுட்டேன் சார். வயலுக்கு எதைப் போடறது?" என்று கேட்டார். விளக்குக்கு மூடி போட்டு, வெளிச்சத்தை உள்பக்கமாகத் திருப்பச் சொல்லி மனு எழுதிக் கொடுத்தோம். இன்னும் பதில் வரவில்லை. அதுவரை அந்தப் பட்டையில் மட்டும் பகல் நீளத்தைப் பார்க்காத, நாள் கணக்கில் விளையும் ரகம் ஒன்றை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வயலிலும் விளக்குக் கம்பத்தைச் சுற்றிக் கதிர் தள்ளாத இடம் இருந்தால், ரகம், விதைத்த தேதி, கம்பத்திலிருந்து எத்தனை அடி என்று குறித்து அனுப்புங்கள். அடுத்த மனுவில் சேர்த்துக் கொடுக்கலாம்.